ஒன்று பன்னிரண்டிலிருந்து ஒன்று ஐம்பத்தொன்று வரை

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கற்பனையில் உதித்ததில்லை, கனவில் வந்ததும் இல்லை. ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய் சொன்னவள் நான். ஒரே ஒரு சொல்தான். அந்தச் சொல்லை நான் சொன்னதற்கும், பிறகு விழுங்கிக்கொண்டதற்கும் நடுவே முப்பத்தொன்பது நிமிடம் ஓடியது. அந்த நேரமெல்லாம் ஒரு பெண் கடலோரமாகத் தனியே நடந்துகொண்டிருந்தார். கடல் ஏறிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் கதை. மீதியெல்லாம் நான் எப்படித் தப்பிக்கப் பார்த்தேன் என்பதுதான்.

முதல் வரியைப் பதினொரு தடவை எழுதிப் பார்த்தேன். சிலவற்றை அடிக்காமல் விட்டிருக்கிறேன், நீங்களும் பாருங்கள்.

'ஒரு நவம்பர் காலையில், வடக்கே ஒரு நகரத்தில், ஒரு பெண் தனியாக நடக்கத் தொடங்கினார்.' [அழகாகத்தான் இருக்கிறது. இந்த வரிக்கு ஒரு தனிக் கதை உண்டு. ஆறாவது பகுதியில் சொல்கிறேன், அப்போது இந்த அழகு உங்களுக்குக் கசக்கும்.]

'நவம்பர் மாதம் டார்வினில் நடப்பவர்கள் இரண்டு வகை. நாய் வளர்ப்பவர்கள், புத்தி' [விட்டுவிட்டேன். அடுத்தவரைக் கேலி பண்ண எனக்கென்ன யோக்கியதை?]

'வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்த வாசுகி நல்ல பெண். தெரிந்து யாருக்கும் ஒரு கெடுதல்' [வாசுகி என்று யாரும் இல்லை. முதல் நான்கு பிரதிகளில் என்னை ஒளித்துவைக்க அவளை உருவாக்கினேன். அவளுக்கு வயது முப்பது, பெரிய கண்கள், ஊரில் கடன். கடன் எதற்கு? வாசகருக்கு இரக்கம் வர. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஐந்தாவது பிரதியில் வாசுகியை வேலையை விட்டு அனுப்பிவிட்டேன்.]

2.

என் பெயர் கோமளவல்லி, வயது ஐம்பத்து நான்கு. டார்வினுக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. நகரத்தின் நடுவில், பதினான்கு அறை உள்ள ஒரு மோட்டலில் காலை ஆறு முதல் பிற்பகல் இரண்டு வரை மேசையில் இருப்பேன். முதலாளி மிஹாலிஸ், கிரேக்கர். அவருடைய அப்பா முத்துக் குளிக்க வந்தவர். இவருக்குத் தண்ணீர் என்றால் மீன் பிடிக்கிற இடம் மட்டும்தான். அறைகளைச் சுத்தம் செய்வது லூஸ். பிலிப்பைன்ஸ்காரி, என்னைவிடப் பத்து வயது சின்னவள். என்னை 'ஆத்தே' என்று கூப்பிடுவாள். அவள் மொழியில் அக்கா என்று அர்த்தம். என் காதில் மட்டும், யாரோ எதையோ பார்த்துப் பதறுவது போலவே விழும்.

கதையில் இந்த மூன்று பேரும் மெரினும்தான். வேறு யாரையும் நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம்.

மெரின் டால்ஹர்ஸ்ட், அறுபத்தொரு வயது. தெற்கே பெண்டிகோவிலிருந்து வந்தவர். இருபத்திரண்டு வருடம் ஒரு பள்ளிக்கூட வாசலில், கையில் வட்டப் பலகையைப் பிடித்துக்கொண்டு, வண்டிகளை நிறுத்திப் பிள்ளைகளைச் சாலை கடக்க விட்டவர். ஓய்வு பெற்ற பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். வருடத்துக்கு ஒரு நகரம். அந்த நகரத்தில் ஒரு முழு நாள். பஸ் கிடையாது, வாடகைக் கார் கிடையாது, துணை கிடையாது. காலால் மட்டும். அதற்கு மேல் ஒரு விதி: போன வழியில் திரும்பக் கூடாது.

இந்த விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவரை மணலில் இறக்கியது இந்த விதியும் நானும்தான்.

[இங்கே மெரினைப் பற்றி 'அவர் அப்படிப்பட்டவர்' என்றும் எழுதிப் பார்த்தேன், 'அப்படிப்பட்டவராக இருந்தார்' என்றும் எழுதிப் பார்த்தேன். நீங்கள் துப்புத் தேடுவீர்கள் என்று தெரியும். அதனால்தான் இப்படிச் சுற்றி வளைக்கிறேன். வினைச்சொல்லை மோப்பம் பிடிக்காதீர்கள், பிரயோசனம் இல்லை.]

3.

காலை ஏழு மணிக்கு அவர் மேசைக்கு வந்தார். அகலமான தொப்பி, இரண்டு தண்ணீர்ப் புட்டி, கழுத்தில் ஒரு சின்னக் கேமரா. அதற்குள்ளேயே மேலுதட்டில் வியர்வை. மழைக்கு முந்தின புழுக்கம் அது. நாங்களே காரிலிருந்து கடைக்கும் கடையிலிருந்து காருக்கும் ஓடுகிற மாதம்.

"நடந்தா போறீங்க?" என்றேன்.

"நடந்துதான். சிரிக்காதீங்க."

"சிரிக்கல. இந்த மாசத்துல இங்க முதலைகூட நிழல்ல படுத்துக்கும், அதான் கேட்டேன்."

"முதலை படுத்துக்கட்டும், எனக்கு இன்னைக்கு ஒரு நாள்தான் இருக்கு" என்று சிரித்தார். கையால் வரைந்த ஒரு படத்தை மேசையில் விரித்தார்: புயலில் இடிந்த பழைய நகர மண்டபம், சீனக் கோயில், கடலோரப் பூங்கா, தாவரத் தோட்டம், கடற்கரை, கடைசியில் முனை*. முனையிலிருந்து திரும்புகிற இடத்தில் மட்டும் ஒரு கேள்விக்குறி.

"இங்கதான் மாட்டிக்கிட்டேன். முனைக்குப் போகவும் வரவும் ஒரே ரோடாம்ல? எனக்குத் திரும்பி அதே வழியில வரக்கூடாது. கீழ மணல் வழியா போயி, மேல ரோடு வழியா வரலாமா?"

* இந்த இடத்தின் உண்மைப் பெயரைச் சொல்லாமல் 'முனை' என்று மட்டும் வைத்துக்கொள்கிறேன். கதையைப் படித்துவிட்டு யாரும் போய் முயற்சி பண்ண வேண்டாம். ஒரு பக்கம் செம்பாறைச் செங்குத்து. மறு பக்கம் கடல். நடுவே, கடல் வற்றினால் மட்டும் தெரிகிற மணல். கடைசிப் படிக்கட்டைத் தாண்டிவிட்டால் முக்கால் மணி நேரம் நடந்து முடிக்கும்வரை பாறை மேல் ஏற வழி கிடையாது.

"போகலாமே, கடல் வத்துற நேரத்துல போனா போதும்" என்றேன்.

"அது எப்போ?"

தலைக்குப் பின்னால் சுவரில் மிஹாலிஸ் ஒட்டியிருக்கும் தாளைத் திரும்பிப் பார்த்தேன். மாதம் முழுக்க, கடல் ஏறுகிற நேரமும் வற்றுகிற நேரமும் அச்சடித்த தாள். இந்த ஊரில் கடிகாரம் இல்லாத கடை உண்டு, அந்தத் தாள் இல்லாத கடை கிடையாது. அன்றைய தேதிக்கு நேரே பேனாவால் தடிமனாக எழுதியிருந்தது: 2.10.

"ரெண்டு பத்துக்கு நல்லா வத்திடும். ஒரு ஒன்றரை மணிக்கு இறங்குனீங்கன்னா மூணு வரைக்கும் தாராளமா நடக்கலாம்."

மெரின் அதைத் தன் படத்தில் எழுதிக்கொண்டார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "நல்லதாப் போச்சு. நீங்க ஊர்க்காரங்க, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பத்தொன்பது வருடத்தில் என்னை ஊர்க்காரி என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவரை எத்தனையோ பேர் என்னிடம் 'நீங்க எந்த ஊரு' என்றுதான் கேட்டிருக்கிறார்கள். உள்ளே குளுகுளுவென்று இருந்தது. எழுந்து போய் குளிர்பெட்டியிலிருந்து மூன்றாவதாக ஒரு தண்ணீர்ப் புட்டி எடுத்துவந்து, காசு வேண்டாம் என்று கொடுத்தேன்.

4.

அந்தத் தாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் என் மேல் உங்களுக்கு வர வேண்டிய கோபம் சரியான இடத்தில் வராது.

மிஹாலிஸ் மீன் பிடிப்பது ஊர்க் கடலில் இல்லை, தெற்கே ஒரு ஆற்றில். கடல் வற்றிய சேதி ஆற்றுக்குள் அவர் படகு போடுகிற இடத்துக்குப் போய்ச் சேர இரண்டரை மணி நேரம் ஆகும். அதனால் மாதா மாதம் புதுத் தாள் வந்ததும் உட்கார்ந்து, அச்சடித்த நேரத்தோடு இரண்டரை மணியைக் கூட்டி, பேனாவால் பக்கத்தில் எழுதிவைப்பார். இங்கே மீன் பிடிக்கிற எல்லாரும் அவரவர் ஆற்றுக்கு அப்படிக் கூட்டி எழுதுவார்கள். யாரும் யாருக்கும் விளக்க மாட்டார்கள். இட்லிக்கு உளுந்து எவ்வளவு என்று யாராவது சுவரில் எழுதி ஒட்டுவார்களா?

எனக்கு மட்டும் அது தெரியாது. நான் மீன் வாங்குகிறவள், பிடிக்கிறவள் இல்லை. காரைக்கால் பக்கம் பிறந்தவள்தான், ஆனால் எங்கள் கடல் இரண்டு முழம் ஏறும், இரண்டு முழம் இறங்கும், அதற்காக யாரும் மணி பார்ப்பதில்லை. இந்த ஊர்க் கடல் ஒரே நாளில் ஏழு மீட்டர் ஏறி இறங்கும். பத்தொன்பது வருடமும் பேனா எழுத்து அச்சைத் திருத்தி எழுதியது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் தெரியாது என்று தெரிந்துவிடுமே.

ஊருக்கு அன்று வற்றம் பதினொன்று நாற்பது. மெரின் மணலில் இறங்குவதற்கு நான் குறித்துக்கொடுத்த நேரத்தில், கடல் திரும்பி இரண்டு மணி நேரமாகப் போகிறது.

நீந்திவிட முடியாதா என்று கேட்பீர்கள். நவம்பரில் எங்கள் கடலில் யாரும் கணுக்காலைக்கூட நனைப்பதில்லை. கொட்டினால் ஆளையே முடித்துவிடுகிற ஜெல்லி மீன் அந்தப் பருவத்தில்தான் கரைக்கு வரும். முதலை எல்லா மாதமும் உண்டு.

5.

ஒன்று பன்னிரண்டு. எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்றால், மேசைக் கணினியின் மூலையில் நேரம் தெரியும், நான் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மிஹாலிஸ் தூண்டிலுக்கான உறைந்த மீன் பெட்டியோடு உள்ளே வந்தார், தோளுக்கும் காதுக்கும் நடுவே போன். யாரோ கூட்டாளியிடம் கத்திக்கொண்டிருந்தார். "டேய், எத்தனை தடவை சொல்றது? ஊருக்கு பதினொன்னு நாப்பது. அதோட ரெண்டரை கூட்டு. ஆத்துக்கு ரெண்டு பத்து! முப்பது வருஷமா மீன் பிடிக்கிற, இன்னும் கூட்டத் தெரியல உனக்கு."

திரும்பித் தாளைப் பார்த்தேன். அச்சில் 11.40. பேனாவில் 2.10. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், தினமும் என் தலைக்குப் பின்னால் இருந்தவைதான்.

அதே நேரம் லூஸ் உள்ளே வந்தாள். "ஆத்தே, ஆறாம் நம்பர்ல அந்தம்மா போனை சார்ஜ்லயே விட்டுட்டுப் போயிருக்காங்க. இந்த வெயில்ல போன் இல்லாம எங்க போனாங்க?"

மிஹாலிஸ் போனை அணைத்தார். "யாரு? அந்த நடக்கிற அம்மாவா? முனைக்குப் போறேன்னு காலைல என்கிட்ட சொன்னாங்களே. நடந்தா?" மீன் பெட்டியை என் மேசை மேலேயே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கோமு, கடல் வத்துறதப் பத்தி எதாவது கேட்டாங்களா?"

"இல்ல" என்றேன்.

அதுதான் அந்தச் சொல்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. ஆனால் நாக்கு சொல்லி முடித்த அடுத்த வினாடியே எனக்குத் தெரியும். 'இல்ல இல்ல, கேட்டாங்க' என்று சிரித்துக்கொண்டே மாற்றியிருக்கலாம். யாரும் ஒன்றும் நினைத்திருக்க மாட்டார்கள்.

"அப்ப ரோட்டு வழியாத்தான் போயிருப்பாங்க. வெயில்ல எங்கயாவது சுருண்டு விழுந்து கிடக்கப் போறாங்க. நான் ஒரு ரவுண்டு பாத்துட்டு வரேன்." குளிர்பெட்டியிலிருந்து நாலு தண்ணீர்ப் புட்டியை அள்ளிக்கொண்டு மிஹாலிஸ் வண்டிக்குப் போனார்.

அவர் நல்ல மனிதர். நான் சொன்ன பொய்யை நம்பி, தப்பான இடத்தில் தேடப் போனார்.

6.

[இந்தப் பகுதியை ஏழு தடவை எழுதினேன். ஒரு பிரதியில் வாசுகி மயக்கம் போட்டு விழுந்தாள். ஒரு பிரதியில் போன் கம்பி அறுந்தது. இன்னொன்றில் ஒரு விருந்தாளி வந்து அவளைப் பேசவிடாமல் பேசிக்கொண்டே இருந்தார். உண்மையில் எதுவுமே நடக்கவில்லை. அதுதான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது.]

மெரினின் கேமராவில் படங்களுக்குக் கீழே நேரம் இருந்தது. பெண்டிகோ நேரம், எங்களுடையதைவிட ஒன்றரை மணி கூடுதல். கழித்துக்கொண்டேன். அந்தக் கேமரா என் கைக்கு எப்படி வந்தது, யார் கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் சொன்னால் முடிவையே சொன்னதாகிவிடும்.

காலையில் எடுத்தவை சந்தோஷமான படங்கள். இடிந்த மண்டபத்தின் கல்லில் ஒரு பல்லி. சீனக் கோயில் வாசலில் ஊதுவத்திச் சாம்பல். தாவரத் தோட்டத்தில், ஒரு மரத்தின் வேர்களுக்கு நடுவே அவருடைய இரண்டு காலணிகள், தூசியோடு. மதியம் சந்தைப் பக்கம் ஒரு கிண்ணம் லக்சா, தேங்காய்ப்பால் ஊற்றிய நூடுல்ஸ், பாதி காலி. நான் பத்தொன்பது வருடத்தில் பார்க்காத ஊரை அவர் ஐந்து மணி நேரத்தில் பார்த்திருக்கிறார்.

ஒன்று பதினேழுக்கு ஒரு படம். மரப் படிக்கட்டு, அதன் கடைசிப் படியில் மணல். முனைக்கு முன்னால் மேலே ஏறுவதற்கு இருக்கிற கடைசிப் படிக்கட்டு அது. மோட்டலிலிருந்து வண்டியில் ஐந்து நிமிடம். நான் 'ஆமா, கேட்டாங்க, மணல் வழியா போறாங்க' என்று சொல்லியிருந்தால், மிஹாலிஸ் அந்தப் படிக்கட்டில் அவருக்கு எதிரே நின்றிருப்பார். கையில் குளிர்ந்த தண்ணீரோடு. இரண்டு பேரும் சிரித்திருப்பார்கள். இந்தக் கதையே இருந்திருக்காது.

அந்த ஒன்று பதினேழுக்கு நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மீன் பெட்டி வைத்த இடத்தில் ஈரம்.

ஏன் சொல்லவில்லை? வேலை போய்விடும் என்ற பயம் இல்லை. மிஹாலிஸ் அதற்கெல்லாம் வேலையை விட்டு அனுப்புகிறவர் இல்லை. வெட்கம். அவ்வளவுதான். பத்தொன்பது வருடம் இங்கே இருந்தும் இவளுக்கு ஒரு தாளைப் படிக்கத் தெரியவில்லை என்று அவர் சிரிப்பாரே, லூஸ் சிரிப்பாளே என்று வெட்கம். காலையில் கிடைத்த ஊர்க்காரிப் பட்டம் மத்தியானத்துக்குள் போய்விடுமே என்று வெட்கம். ஒரு உயிருக்கு எதிரே இதை வைத்துப் பாருங்கள். நான் வைத்துப் பார்க்காத நாள் இல்லை.

அதோடு, மனது எவ்வளவு சாமர்த்தியமாகப் பேசும் தெரியுமா? 'அவர் இன்னும் தோட்டத்திலேயே இருப்பார்.' 'வெயில் தாங்காமல் திரும்பியிருப்பார்.' 'தண்ணீரைப் பார்த்தால் அவருக்கே தெரியாதா?' தெரியாது. அவர் இருபத்திரண்டு வருடம் ஒரு பலகையை நம்பிப் பிள்ளைகளைச் சாலை கடக்க விட்டவர். நில் என்றால் நிற்பவர், போ என்றால் போகிறவர். மூன்று வரைக்கும் தாராளமாகப் போகலாம் என்று நான் சொல்லியிருந்தேன்.

ஒன்று இருபத்தாறு. படத்தில் ஈர மணலில் அவருடைய காலடித் தடங்கள், திரும்பி நின்று எடுத்தது. கடைசி இரண்டு தடத்தில் தண்ணீர்.

லூஸ் துண்டு மூட்டையோடு வந்து நின்றாள். "ஆத்தே, உடம்பு சரியில்லயா? மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு?"

"புழுக்கம்."

"ஏசி ஓடுதே!"

"அப்ப நீயே ஏசில உக்காரு, நான் போயி துணி மடிக்கிறேன்" என்று எரிந்து விழுந்தேன். பாவம், மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பிறகு நான் செய்ததைத்தான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஒன்று முப்பது. எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. மேசை இழுப்பறையிலிருந்து என் நோட்டை எடுத்தேன். கதை எழுதுகிற நோட்டு. பேனாவைத் திறந்து எழுதினேன்: 'ஒரு நவம்பர் காலையில், வடக்கே ஒரு நகரத்தில், ஒரு பெண் தனியாக நடக்கத் தொடங்கினார்.'

ஆமாம். அந்த முதல் வரி அப்போது எழுதியது. அவர் நடந்துகொண்டிருக்கும்போது. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்களே, அந்த ஜாதி நான். அந்த வரியை எழுதி முடித்ததும் ஒரு நிம்மதிகூட வந்தது, சொல்லக் கூசுகிறது. கதையாகிவிட்டால் எல்லாம் எப்போதோ எங்கோ நடந்து முடிந்த மாதிரி ஆகிவிடுகிறது அல்லவா? 'நடக்கத் தொடங்கினார்.' தொடங்கினார், அவ்வளவுதான், போய்ச் சேர்ந்தாரா என்று அந்த வரிக்குக் கவலை இல்லை.

ஒன்று முப்பத்தெட்டு. படம் சாய்ந்திருக்கிறது. வலது பக்கம் செம்பாறை. இடது பக்கம் மணல் இல்லை.

அது கடைசிப் படம் இல்லை. ஆனால் நான் இதற்கு மேல் சொல்லப் போவதில்லை.

7.

ஒன்று ஐம்பத்தொன்றுக்கு நானே போனை எடுத்து மிஹாலிஸைக் கூப்பிட்டேன்.

[பொய். ஆறாவது பிரதியில் அப்படி எழுதியது, இன்னும் கை அங்கேயே போகிறது. அடிக்காமல் விடுகிறேன், பார்த்துக்கொள்ளுங்கள் நான் யாரென்று.]

ஒன்று ஐம்பத்தொன்றுக்கு மிஹாலிஸ் கூப்பிட்டார். இன்னும் ஒன்பது நிமிடத்தில் என் வேலை நேரம் முடிந்திருக்கும். அவர் கூப்பிடாமல் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேனோ?

"கோமு, ரோட்டுல ஆளே இல்ல. முனை வரைக்கும் போயி ரெண்டு தடவை சுத்திட்டேன். மரத்தடி மரத்தடியா பாத்துட்டேன். எங்க போறேன்னு சொன்னாங்க? நல்லா யோசிச்சு சொல்லு."

"மணல் வழியா" என்றேன்.

"என்ன?"

"மணல் வழியா. முனையச் சுத்தி. நான்தான் போகலாம்னு சொன்னேன். ரெண்டு பத்துக்கு வத்தும்னு சொன்னேன். உங்க தாளப் பாத்து."

அந்தப் பக்கம் வண்டியின் சிக்னல் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

"நான் கேட்டப்போ இல்லன்னியே."

"மறந்துட்டேன், மிஹாலிஸ். இப்பதான் ஞாபகம் வந்தது."

இது இரண்டாவது பொய். இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"மாதாவே!" என்றார். பிறகு குரல் உடைந்தது. "என் பேனா. ஐயோ, நான்ல எழுதி வச்சேன். அது ஆத்து நேரம், கோமு. உனக்குச் சொல்லவே இல்லயே நான். என் தப்பு." ஒரு மூச்சு விட்டுவிட்டுக் கத்தினார்: "போலீஸக் கூப்பிடு! படகு அனுப்பச் சொல்லு! நான் படிக்கட்டுக்குப் போறேன்."

அவசர உதவி எண்ணுக்கு, மூன்று தடவை பூஜ்யத்தை அழுத்தினேன். ஒரு பெண் குரல். எந்த இடம், என்ன வயது, என்ன நிறத் தொப்பி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் தெரிந்திருந்தது. கடைசியில் கேட்டார்: "அவங்க அந்தப் பக்கம் போயிருக்காங்கன்னு உங்களுக்கு எப்போ தெரியும்?"

"இப்பதான்" என்றேன்.

மூன்று.

8.

இப்போது முடிவு. இரண்டு வைத்திருக்கிறேன்.

முதல் முடிவில் மெரின் பாறையில் ஒரு வெடிப்பில் ஏறி, முழங்கால் தோல் உரிந்து, முதுகைச் செங்குத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறார். இடுப்பு வரை தண்ணீர். நண்டு பிடிக்க வைத்த கூட்டை எடுக்கப் போன இரண்டு பேர், தகரப் படகில், அவருடைய கத்தலைக் கேட்டுத் திரும்புகிறார்கள். சாயங்காலம் மோட்டல் வாசலில் போலீஸ் வண்டியிலிருந்து போர்வையோடு இறங்கி, நேரே என்னிடம் வந்து கட்டிக்கொண்டு, "நீங்க உடனே சொன்னதாலதான் பொழச்சேன்னு மிஹாலிஸ் சொன்னார்" என்கிறார்.

இரண்டாவது முடிவில் லூஸ் ஆறாம் நம்பர் அறையில் அவருடைய துணிகளை மடிக்கிறாள். மடித்ததையே திரும்பத் திரும்ப மடிக்கிறாள். போன் சார்ஜிலேயே இருக்கிறது. அதில் 'மகள்' என்று ஒரு அழைப்பு வருகிறது. யார் எடுப்பது என்று மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கிறோம்.

இரண்டையும் நன்றாகவே எழுதியிருக்கிறேன், எனக்கே தெரிகிறது. ஒன்று நடந்தது. மற்றது நான் இட்டுக்கட்டியது. எது எது என்று மிஹாலிஸுக்குத் தெரியும், லூஸுக்குத் தெரியும், ஊர்ப் பத்திரிகை படித்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் அவர்கள் யாருக்கும் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரியும். எனக்கு ஒன்று பன்னிரண்டுக்கே தெரியும் என்பது. மிஹாலிஸ் இன்றுவரை தன் பேனாவைத் திட்டிக்கொண்டிருக்கிறார். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டார், இப்போது பேனாவே தொடுவதில்லை, கூட்டலை மனதிலேயே செய்துகொள்கிறார். "உன் மேல தப்பே இல்ல கோமு" என்று என் தோளைத் தட்டுகிறார். தட்டும்போதெல்லாம் சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வரும். சொன்னதில்லை. இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் தாய்மொழிப் பாசம் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். அவருக்கும் லூஸுக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. அதுதான் காரணம்.

9.

எந்த முடிவு உண்மை என்று சொல்லமாட்டேன்.

வாசகரைச் சீண்டுவதற்காக இல்லை, சத்தியமாக. சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மெரின் பிழைத்தார் என்றால் நீங்கள் மூச்சு விட்டு, 'போகட்டும், மனுஷிதானே, பயந்துவிட்டாள்' என்பீர்கள். பிழைக்கவில்லை என்றால் 'பாவி' என்பீர்கள். இரண்டிலும் தீர்ப்புச் சொல்வது கடல்தான், நீங்கள் இல்லை. அந்தத் தகரப் படகு அந்தப் பக்கம் வந்ததா, வரவில்லையா என்பதில் என் பங்கு என்ன இருக்கிறது? நான் செய்தது அந்த முப்பத்தொன்பது நிமிடம் மட்டும்தான். படகு வந்திருந்தால் அதில் ஒரு நிமிடம் குறைந்துவிடுமா? வராவிட்டால் ஒரு நிமிடம் கூடிவிடுமா?

மேசையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு முடிவு தெரியாது. தெரியாமல்தான் மேசை துடைத்தேன், லூஸிடம் எரிந்து விழுந்தேன், நோட்டில் ஒரு வரி எழுதினேன். நீங்களும் தெரியாமலேயே என்னைப் பார்க்க வேண்டும். அதுதான் நியாயம். இதுவரைக்கும் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை, பார்க்க நான் விட்டதும் இல்லை.

இந்த ஊருக்கு வந்தால் மோட்டலைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. காலை ஆறிலிருந்து இரண்டு வரை நான் அங்கேதான் இருப்பேன். என்னைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்பதை முதலில் நீங்கள் சொல்லுங்கள். அதற்குப் பிறகு, மெரினுக்கு என்ன ஆயிற்று என்று நான் சொல்கிறேன்.